பித்தப்பை எடுத்தாச்சு, வயிறு மட்டும் ஏன் இன்னும் அடங்கல?

சாப்பிட்டுக்கிட்டே கேக்கற பழக்கம் இருந்தா, இந்த எபிசோடை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்க. இன்னைக்கு முழுக்க வயிறு, பித்தம், பாத்ரூம் பத்திதான் பேசப்போறேன்.

எனக்குப் பித்தப்பை கிடையாது. 26 வயசுல கல் இருக்குன்னு தெரிஞ்சு லேப்ராஸ்கோப்பியில எடுத்தாங்க. வயித்துல நாலு சின்னத் தழும்பு, மறுநாள் டிஸ்சார்ஜ், பத்து நாள்ல திரும்பவும் லேப்டாப் முன்னாடி. வலது விலா எலும்புக்குக் கீழ வந்து முதுகு வரைக்கும் பிடிச்சு இழுக்குமே, அந்த வலி அதுக்கப்புறம் ஒரு தடவைகூட வரலை. அந்த வகையில ஆபரேஷன் தன் வேலையை ஒழுங்கா செஞ்சுது.

ஆனா டிஸ்சார்ஜ் பேப்பர்ல சாப்பாடு பத்தி இருந்தது ஒரே வரி: எண்ணெய்ப் பலகாரம் குறைக்கவும். அந்த ஒரு வரியில அடங்காத விஷயங்கள்தான் இந்த எபிசோட்.

மூணு மாசம் ஆன பிறகும் காலையில வீட்டை விட்டுக் கிளம்புறதுக்குள்ள மூணு தடவை, நாலு தடவை போக வேண்டியிருந்துச்சு. சாப்பிட்டு கால் மணி நேரத்துல "இப்பவே போயாகணும்"ங்கற அவசரம். நான் இருக்கறது திருமுல்லைவாயில். இங்க இருந்து சென்ட்ரல் போற லோக்கல் ட்ரெயின்ல பாத்ரூமே கிடையாது. இந்தப் பிரச்சனை இருக்கறவங்க அப்புறம் என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். காலையில சாப்பிடாமலே கிளம்புவாங்க. டீம் லஞ்ச்னா ஏதாவது சாக்கு சொல்லுவாங்க. கல்யாண வீட்டுல மொய் எழுதிட்டுப் பந்திக்கு உக்காராம வந்துடுவாங்க. பஸ்ல தூரமாப் போகணும்னா முந்தின நாள் ராத்திரியில இருந்தே பட்டினி.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். இதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதுக்கு ஒரு பேர் இருக்கு, நிறைய பேருக்கு அதுக்கான மருந்தும் இருக்கு. "பித்தப்பையை எடுத்தா அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிக்கிட்டு வருஷக்கணக்கா ஊரையும் சாப்பாட்டையும் சுருக்கிக்கிட்டு வாழ வேண்டிய அவசியம் கிடையாது.

நான் சாஃப்ட்வேர் ஆளு, டாக்டர் கிடையாது. இதைக் கேட்டுட்டு மருந்து வாங்கிச் சாப்பிடாதீங்க. டாக்டர்கிட்ட சரியான கேள்வியோட போய் உக்காருங்க, அது போதும்.

பித்தம்ங்கற வார்த்தை பண்ற குழப்பம்

நம்ம வீடுகள்ல பித்தம்னா ஏகப்பட்ட அர்த்தம். தலை சுத்தினா பித்தம். குமட்டினா பித்தம். இளநரைக்குப் பித்த நரைன்னு பேரு, குதிகால் வெடிச்சா பித்த வெடிப்பு. என் ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு சொந்தக்காரர் சொன்னார், "பையையே எடுத்தாச்சு, இனிமே உனக்குப் பித்தமே வராது." இன்னொருத்தர் நேர் எதிரா, "பை இல்லேன்னா பித்தம் உடம்பெல்லாம் பரவும், பாத்துக்கோ"ன்னார்.

சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம்னு மூணா பிரிச்சுச் சொல்ற பித்தம் வேற. கல்லீரல்ல சுரந்து குழாய் வழியா குடலுக்கு வர்ற மஞ்சள் பச்சை நிறத் திரவம் வேற. இன்னைக்கு நான் பேசறது ரெண்டாவதைப் பத்தி. குழப்பம் வராம இருக்க இனிமே பித்தநீர்னே சொல்றேன்.

பித்தநீரை உண்டாக்குறது பித்தப்பை கிடையாது, கல்லீரல். ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் சுரக்கும். பித்தப்பை போன பிறகும் கல்லீரல் இதைச் சுரந்துக்கிட்டேதான் இருக்கும். அதனால நம்ம கதையில குறைஞ்சது பித்தநீர் கிடையாது. அதைச் சேத்து வைக்கிற இடம்.

மொட்டை மாடி டேங்க் இல்லாத வீடு

நம்ம பக்கத்து வீடுகளை நினைச்சுக்கோங்க. மோட்டார்ல இருந்து தண்ணி மெலிசா வந்துக்கிட்டே இருக்கு, மொட்டை மாடி டேங்க்ல சேருது. யாராவது குழாயைத் திறந்தா டேங்க்ல இருந்து வேகமா கொட்டுது. பித்தப்பை அந்த டேங்க் மாதிரி. அளவு என்னவோ சின்னதுதான், 30 முதல் 50 மில்லி. ஆனா வந்த பித்தநீர்ல இருக்கற தண்ணியை உறிஞ்சி, பல மடங்கு கெட்டியாக்கி வச்சுக்கும்.

குழாயைத் திறக்குறது யாரு? நீங்க கொழுப்போ புரதமோ சாப்பிட்டு, அது சிறுகுடலோட முதல் பகுதிக்கு வந்ததும், அங்க இருந்து கோலிசிஸ்டோகைனின்னு ஒரு ஹார்மோன் ரத்தத்துல கலக்கும். 1928-ல ஐவி, ஓல்ட்பெர்க்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. பேரைப் பிரிச்சுப் பாத்தா பித்தம், பை, அசைக்கிறதுன்னு வரும். அந்த ஹார்மோன் போய்ச் சேர்ந்ததும் பை சுருங்கி, கெட்டியான பித்தநீரைச் சாப்பாட்டு மேல ஊத்தும். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைச் சின்னச் சின்னத் துளியா உடைக்கிற மாதிரி அது கொழுப்பை உடைக்கும்.

இப்ப டேங்க்கை எடுத்துடுங்க. மோட்டார்ல இருந்து லைன் நேரா சமையல்கட்டுக் குழாய்க்குப் போகுது. ரெண்டு விஷயம் நடக்கும். ஒரே நேரத்துல நிறைய தேவைப்பட்டா பழைய வேகம் கிடைக்காது. யாருக்கும் தேவையில்லாத ராத்திரி நேரத்துலயும் தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும்.

முதல் விஷயத்தை உடம்பு ஓரளவு சமாளிச்சுடுது. பித்தநீர்க் குழாய்லயே கொஞ்சம் தேங்கும், கடைசியில இருக்கற வால்வும் தன் வேலையைச் செய்யும். அதனால பெரும்பாலானவங்களுக்குக் கொழுப்பு செரிக்கிறது பெரிசா கெட்டுப்போகாது. குதிரைக்கும் யானைக்கும் எலிக்கும் பித்தப்பையே கிடையாது. குதிரை நாள் முழுக்க மேஞ்சுக்கிட்டே இருக்கு, பித்தநீரும் நாள் முழுக்க வந்துக்கிட்டே இருக்கு. நாமதான் ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா, அடுத்த நாள் காலையில பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னு வாழறோம்.

நம்மள்ல சில பேரைப் படுத்துறது ரெண்டாவது விஷயம், அந்தச் சொட்டு.

பெருங்குடலுக்குப் பித்தநீர் போனா என்ன ஆகும்?

பித்தநீர்ல வேலை செய்யுற முக்கியமான பொருள் பித்த அமிலம், அதாவது பைல் ஆசிட். உடம்புல மொத்தமா சில கிராம்தான் இருக்கும். அதையே ஒரு நாளைக்குப் பல தடவை உடம்பு சுத்த விடும். கொழுப்பை உடைச்சு முடிச்சதும், சிறுகுடலோட கடைசிப் பகுதியில கிட்டத்தட்ட 95 சதவீதம் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியா கல்லீரலுக்கே திரும்பிப் போயிடும். மிச்சம் இருக்கற கொஞ்சம் மட்டும் பெருங்குடலுக்குள்ள போகும்.

பித்தப்பை இல்லாதப்போ இந்தச் சுழற்சி இன்னும் வேகமா, இடைவெளி இல்லாம நடக்குது. சாப்பாடு இல்லாத நேரத்துலயும் பித்த அமிலம் குடலுக்குள்ள வந்துக்கிட்டே இருக்கு. திரும்ப உறிஞ்சுற இடத்தால சமாளிக்க முடியாத அளவுக்குப் போனா, அது பெருங்குடலுக்குள்ள வழியும். பெருங்குடலோட வேலை தண்ணியை உள்ள இழுத்து மலத்தைக் கெட்டியாக்குறது. பித்த அமிலம் பட்டா அது தலைகீழா நடக்கும். குடல் சுவர்ல இருந்து தண்ணியும் உப்பும் வெளிய வரும், குடலும் வேகமா அசையும். அதனாலதான் அந்த அவசரம், தண்ணியா போறது, மஞ்சள் பச்சை நிறம், போன பிறகு ஆசனவாயில எரிச்சல்.

இதுக்குப் பேரு பைல் ஆசிட் டயரியா. பித்தப்பை எடுத்தவங்கள்ல எத்தனை பேருக்கு வருதுங்கறது ஆய்வுக்கு ஆய்வு மாறும். தோராயமா பத்துல ஒருத்தர்னு வச்சுக்கலாம். அதுலயும் பல பேருக்குச் சில வாரத்துல, சில மாசத்துல உடம்பு பழகி தானா அடங்கிடும். அடங்காம தொடர்றவங்களுக்காகத்தான் இந்த எபிசோட்.

ஏன் யாரும் முன்னாடியே சொல்றதில்லை?

இதுக்கு ஒரு சின்ன வரலாறு இருக்கு. மனுஷ உடம்புல இருந்து பித்தப்பையை முதன்முதலா எடுத்தது கார்ல் லாங்கன்புக்னு ஒரு ஜெர்மன் சர்ஜன், பெர்லின்ல, 1882 ஜூலை 15. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு இது வயித்தைப் பெரிசா கிழிச்சுச் செய்யுற ஆபரேஷன். பல நாள் ஆஸ்பத்திரியில படுத்திருக்கணும். 1985-ல ஜெர்மனியில எரிக் மூயெ சின்னத் துளை வழியா செஞ்சு காட்டினார். இந்தியாவுல 1990-ல மும்பையில டாக்டர் தெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பியில பித்தப்பையை எடுத்தார். இங்க கோயம்புத்தூர்ல டாக்டர் சி. பழனிவேலு மாதிரியானவங்க அந்த முறையை ரொம்பவே முன்னெடுத்தாங்க.

இன்னைக்கு ஒரு நாள், ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடறோம். நோயாளிக்கு இது பெரிய வரம். ஆனா பழைய காலத்துல வார்டுல படுத்திருக்கும்போது டாக்டர் தினமும் வந்து சாப்பிட்டியா, வெளிய போனியான்னு கேட்டிருப்பார். இப்ப தையல் பாக்கப் போற ஒரு ரிவ்யூவோட பேச்சு முடிஞ்சுடுது. அந்த ரிவ்யூல தழும்பு நல்லா ஆறியிருக்கும், எல்லாம் சரின்னு சொல்லிடுவாங்க. லூஸ் மோஷன் மூணாவது மாசமும் தொடர்ந்தா, அதைக் கேக்க அங்க யாரும் இருக்க மாட்டாங்க. அதனால நாமதான் திரும்பிப் போய் சொல்லணும்.

எல்லாப் பழியையும் பித்தப்பை மேல போட முடியாது

ஆபரேஷனுக்குப் பிறகும் தொடர்ற வயித்துத் தொல்லைகளுக்கு 1947-ல இருந்தே ஒரு பொதுப் பேர் இருக்கு, போஸ்ட் கோலிசிஸ்டெக்டமி சிண்ட்ரோம். பேர் பெரிசா இருந்தாலும் அது ஒரு கூடை மாதிரிதான். உள்ள பல வேற வேற பிரச்சனை இருக்கும். எது உங்களோடதுன்னு பிரிச்சுப் பாக்கணும்.

நெதர்லாந்துல 24 ஆஸ்பத்திரியில நடந்த செக்யூர்னு ஒரு ஆய்வு 2019-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. பித்தப்பைக் கல்லும் வயித்து வலியும் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கம்போல சர்ஜன் முடிவு. இன்னொரு குழுவுல, குறிப்பிட்ட அறிகுறிகள் எல்லாம் இருந்தாதான் ஆபரேஷன். ரெண்டு குழுவுலயும் பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா, வலியே இல்லாம இருந்தவங்க ஒரு குழுவுல 60 சதவீதம், இன்னொண்ணுல 56 சதவீதம். மத்தவங்களுக்கு ஏதோ ஒரு வயித்து வலி மிச்சம் இருந்துச்சு.

இதுல இருந்து என்ன புரியுது? கேஸ், உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல்னு ஸ்கேன் எடுக்கப் போறோம். ஸ்கேன்ல கல்லு தெரியுது. கல்லு இருக்கறது உண்மை, ஆனா அந்த உப்புசத்துக்குக் கல்லுதான் காரணமாங்கறது வேற கேள்வி. அசிடிட்டியோ ஐ.பி.எஸ்.ஸோ முன்னாடியே இருந்திருந்தா, பித்தப்பை போன பிறகும் அது இருக்கும்.

டாக்டர் யோசிக்கக்கூடிய மத்த காரணங்கள்ல சிலதைச் சொல்றேன். பால்ல இருக்கற லாக்டோஸ் ஒத்துக்காம இருக்கறது, இது வட இந்தியாவைவிட நம்ம பக்கம் அதிகம். தைராய்டு அதிகமா வேலை செய்யறது. சர்க்கரைக்குச் சாப்பிடற மெட்ஃபார்மின் மாத்திரை. மக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்து. சுகர் ஃப்ரீ சூயிங்கம்ல வர்ற சார்பிட்டால். கணையப் பிரச்சனை. சிறுகுடல்ல பாக்டீரியா பெருகறது. பித்தநீர்க் குழாய்லயே ஒரு கல்லு தங்கியிருக்கறது. இவ்வளவு இருக்கறதாலதான் பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை கேட்டாலும் பரவாயில்லை. கண்ணு மஞ்சளாகறது, யூரின் கட்டன் டீ நிறத்துல போறது, மோஷன் வெளுத்துப்போய் களிமண் நிறத்துல வர்றது, குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், பழையபடி வலது பக்கம் தாங்க முடியாத வலி. இதுல எது வந்தாலும் அன்னைக்கே போங்க. குழாய்ல அடைப்போ தொற்றோ இருக்கலாம். பித்தப்பை இல்லேன்னாலும் குழாய்ல கல்லு இருக்க முடியும். லிவர் டெஸ்ட், ஸ்கேன், தேவைப்பட்டா எம்.ஆர்.சி.பி. எடுத்துப் பாப்பாங்க.

மோஷன்ல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையறது, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்புற லூஸ் மோஷன், ரத்தசோகை. இதெல்லாம் இருந்தாலும் வீட்டுல உக்காந்து டயட் பாக்கற நேரம் கிடையாது. இதைத் தனியா ஆராயணும்.

ரெண்டு வார லாக்

மேல சொன்னது எதுவும் இல்லை, ஆனா தொல்லை தொடருதுன்னா, டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எழுதி வைங்க. சர்வர் டவுன்னு சொன்னா முதல்ல நாம லாக்தானே கேப்போம், அதே மாதிரி.

நாலு காலம் போதும். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு. எத்தனை மணிக்குப் போனேன். மோஷன் எப்படி இருந்துச்சு. கூட என்ன இருந்துச்சு: வலி, உப்புசம், டென்ஷன், மாத்திரை. மோஷன் எப்படி இருந்துச்சுன்னு எழுதக் கூச்சமா இருந்தா பிரிஸ்டல் அளவுகோல்னு ஒண்ணு இருக்கு. 1 முதல் 7 வரைக்கும் நம்பர். 1 ஆட்டுப் புழுக்கை மாதிரி கட்டி, 4 சரியானது, 7 வெறும் தண்ணி. நம்பரை மட்டும் போட்டா போதும்.

ரெண்டு வாரம் முடிஞ்சா ஒரு பேட்டர்ன் தெரியும். என் லாக்ல தொல்லை முக்கால்வாசி மத்தியானத்துக்கு முன்னாடியேதான் இருந்துச்சு. அதுலயும் முந்தின ராத்திரி லேட்டா எண்ணெய் அதிகமா சாப்பிட்ட நாளுக்கு மறுநாள் கூடுதல். பால் சேர்த்த நாளுக்கும் சேர்க்காத நாளுக்கும் வித்தியாசமே இல்லை. அதனால பாலை நிறுத்தற யோசனையைக் கைவிட்டேன். உங்க லாக் வேற மாதிரி சொல்லலாம். இண்டர்நெட்ல இருக்கற நூறு "சாப்பிடக்கூடாத" லிஸ்ட்டைவிட அந்த ரெண்டு வாரம் உங்களுக்கு அதிகமா உதவும்.

நம்ம தட்டுல என்ன மாத்தலாம்?

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, அஞ்சாறு நாள் பாருங்க. ஒரே நாள்ல காபி, நெய், பால், காரம் எல்லாத்தையும் விட்டுட்டா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது.

முதல்ல கொழுப்பைப் பிரிச்சுச் சாப்பிடறது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்னா சுமார் 14 கிராம் கொழுப்பு. தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊத்தின சாம்பார், இட்லி, கூட ஒரு முட்டைன்னா பல பேருக்கு ஒண்ணும் பண்ணாது. வெறும் வயித்துல நெய் மிதக்கற பொங்கல், ரெண்டு வடை, அது மேல ஒரு ஃபில்டர் காபின்னா அது வேற கதை. பொங்கல் வேணும்னா சாப்பிடுங்க, வடையை இன்னொரு நாளைக்கு வச்சுக்கோங்க. நாள் பூரா கொழுப்பே இல்லாம இருக்கறது தீர்வாகாது. ஏ, டி, ஈ, கே விட்டமின்கள் உடம்புல சேரவே கொழுப்பு வேணும்.

ரெண்டாவது, நேரம். ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் சீக்கிரமா, கொஞ்சமா. அதை ஈடுகட்ட சாயங்காலம் ஒரு சின்ன சாப்பாடு: சுண்டல், கொய்யா, வாழைப்பழம். நீண்ட பட்டினி, அப்புறம் ஒரு பெரிய கட்டு. இந்த ரெண்டும் சேர்றதுதான் பல பேருக்கு ஆகாது. ஆபீஸ் போறதுக்காக சாப்பிடாம கிளம்பி, மத்தியானம் பிரியாணியில உக்கார்றவங்க இதைக் கவனிங்க.

மூணாவது, கரையுற நார்ச்சத்து. இசப்கோல், ஓட்ஸ், வெண்டைக்காய், பருப்பு, வாழைப்பழம். இது தண்ணியை இழுத்து ஜெல் மாதிரி ஆகும், பித்த அமிலத்தையும் ஓரளவு பிடிச்சு வச்சுக்கும். இசப்கோலைக் கொஞ்சமா, ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிங்க, ஒரு டம்ளர் தண்ணி நிறைய குடிங்க. மாத்திரை சாப்பிடற நேரத்துல அதைச் சேர்த்துச் சாப்பிடாதீங்க. "சிறுதானியம் நல்லது"ன்னு கேட்டு ஒரே வாரத்துல மூணு வேளையும் கம்பு, சோளம்னு மாறினா உப்புசம்தான் கூடும். மெதுவா ஏத்துங்க.

நாலாவது, காபி. காபி பெருங்குடலைத் தட்டி எழுப்பும், பித்தப்பை இருந்தாலும் இல்லேன்னாலும். விட முடியலேன்னா சாப்பிட்ட பிறகு குடிச்சுப் பாருங்க.

அடிக்கடி காதுல விழற ரெண்டு யோசனை இருக்கு. "தேங்காய் எண்ணெய்க்குப் பித்தநீரே தேவையில்லை, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்"ங்கறது ஒண்ணு. பாதி உண்மை. தேங்காய் எண்ணெய்ல பித்தநீர் உதவி இல்லாம சுலபமா உறிஞ்சப்படற சின்னக் கொழுப்புகள் கொஞ்சம் இருக்கு. ஆனா அதுல கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். அது முழுசா அந்த வகையில சேராது. அதனால அதையும் மத்த எண்ணெய் மாதிரியே அளவா சேருங்க. இன்னொண்ணு, ஆன்லைன்ல விக்கிற மாட்டுப் பித்த மாத்திரை. பித்த அமிலம் பெருங்குடலுக்கு வழியறதுதான் உங்க பிரச்சனைன்னா, வெளிய இருந்து இன்னும் கொஞ்சம் ஊத்தறது எப்படி உதவும்?

லூஸ் மோஷன் அதிகமா போற நாள்ல, முக்கியமா நம்ம ஊர் மே மாச வெயில்ல, ஓ.ஆர்.எஸ். குடிங்க. கால் பிடிச்சு இழுக்கறதும் சோர்வும் பாதிக்கு மேல தண்ணியும் உப்பும் போனதால வர்றதுதான்.

மருந்து பத்தி

சாப்பாட்டை மாத்தியும் அடங்கலேன்னா, அது உங்க கட்டுப்பாடு போதாததால கிடையாது. பித்த அமிலம் வழியறதை உப்பில்லாப் பத்தியத்தால நிறுத்த முடியாது. அதுக்குன்னே ஒரு வகை மருந்து இருக்கு: பித்த அமிலத்தைக் குடலுக்குள்ளயே பிடிச்சுக் கட்டி, மலத்தோட வெளிய அனுப்பறது. கொலஸ்டிரமின்னு ஒரு பொடி, பல வருஷமா கொலஸ்ட்ராலைக் குறைக்கக் குடுத்த பழைய மருந்து. கோலிசெவிலம்னு மாத்திரை வடிவத்துல இன்னொண்ணு. இந்தப் பிரச்சனை இதுதானான்னு அளந்து பாக்க சீகேட்னு ஒரு ஸ்கேன் சில நாடுகள்ல இருக்கு. ஆனா அமெரிக்காவுலயே அது கிடைக்கறதில்லை. அதனால பல டாக்டர்கள், மத்த காரணங்களைத் தள்ளின பிறகு, இந்த மருந்தைக் கொஞ்ச நாள் குடுத்துப் பாப்பாங்க. கேட்டுச்சுன்னா அதுவே ஒரு விடை.

எனக்குக் குடல் டாக்டர் குறைஞ்ச அளவுல அந்தப் பொடியை ஆரம்பிச்சார். முதல் வாரத்துக்குள்ளயே லாக்ல 6, 7 போய் 5, 4 வர ஆரம்பிச்சுது. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்லலை. ஆனா இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம இருக்கறவங்க நிறைய பேர்.

இதுல கவனிக்க வேண்டியது சிலது இருக்கு. இந்தப் பொடி மத்த மாத்திரைகளையும் பிடிச்சுக் கட்டிடும். தைராய்டு மாத்திரை, கருத்தடை மாத்திரை, பிரஷர் மாத்திரை எதுவா இருந்தாலும், பொடிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்லேன்னா நாலு முதல் ஆறு மணி நேரம் பின்னாடின்னு டாக்டர் நேரம் பிரிச்சுத் தருவார். அளவு கூடினா மலச்சிக்கல், உப்புசம் வரும். ட்ரைகிளிசரைடு அதிகம் இருக்கறவங்களுக்கு அது இன்னும் ஏறலாம். ரொம்ப நாள் எடுத்தா விட்டமின் அளவைப் பாக்கணும். இதனாலதான் மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்காதீங்கன்னு ஆரம்பத்துலயே சொன்னேன்.

டாக்டர் முன்னாடியும் ஆபீஸ்லயும் என்ன சொல்றது?

டாக்டர்கிட்ட "வயிறு சரியில்லை"ன்னு மட்டும் சொன்னா கேஸ் மாத்திரையோட திரும்பி வர நிறைய வாய்ப்பு இருக்கு. இப்படிச் சொல்லுங்க: "பித்தப்பை எடுத்து இத்தனை மாசம் ஆச்சு. ஒரு நாளைக்கு இத்தனை தடவை போறேன், பெரும்பாலும் காலையில, சாப்பிட்ட உடனே. அடக்க முடியலை. இதோ ரெண்டு வார லாக். இது பைல் ஆசிட் டயரியாவா இருக்குமா சார்? வேற என்ன டெஸ்ட் பாக்கணும்?" கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், இப்ப சாப்பிடற எல்லா மாத்திரையோட பேரும் எடுத்துட்டுப் போங்க. சர்ஜனையே பாக்கணும்னு அவசியம் இல்லை, குடல் நோய் டாக்டரைப் பாக்கலாம். தனியார் கட்டாதுன்னா ஸ்டான்லி, ராஜீவ் காந்தி மாதிரி அரசு மருத்துவமனைகள்லயும் குடல் நோய்ப் பிரிவு இருக்கு.

ஆபீஸ்ல முழுக் கதையும் சொல்ல வேணாம். "ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு காலையில கொஞ்சம் உடம்புத் தொல்லை இருக்கு, மீட்டிங்கை அரை மணி நேரம் தள்ளி வச்சா உதவியா இருக்கும்"னு ஒரு வரி போதும். இது பொண்ணுங்களுக்கு இன்னும் கஷ்டம்னு தெரியும். ஆம்பளைங்க எங்கேயாவது சமாளிச்சுடறாங்க, ஒரு சுத்தமான பாத்ரூம் இல்லாம அவங்களால முடியாது. டீம்ல யாராவது அடிக்கடி எழுந்து போனா கிண்டல் பண்ணாம இருக்கறது நம்மால முடிஞ்ச ஒரு சின்ன உதவி.

ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிட்டு இதைக் கேக்கறவங்களுக்கு ஒண்ணு. பயந்துபோய்த் தள்ளிப்போடாதீங்க. அடிக்கடி வலி குடுக்கற கல்லை அப்படியே விட்டா பித்தப்பையில சீழ், மஞ்சள் காமாலை, கணைய அழற்சின்னு போகலாம். அதெல்லாம் உயிருக்கே ஆபத்து. எடுத்த பிறகு பெரும்பாலானவங்க எல்லாத்தையும் சாப்பிட்டு நல்லாத்தான் இருக்காங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கோங்க: "என் தொல்லைகள்ல எதெல்லாம் இதனால போகும், எது போகாம இருக்கலாம்?"

ஏற்கனவே எடுத்துட்டு, மாசக்கணக்கா யாருகிட்டயும் சொல்லாம காலைச் சாப்பாட்டை விட்டுக்கிட்டு இருக்கறவங்களுக்கு: இன்னைக்கு ராத்திரியே லாக்கை ஆரம்பிங்க, ரெண்டு வாரம் கழிச்சு வர்ற ஒரு தேதிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க. உங்க வீட்டுலயோ நண்பர்கள்லயோ இப்படி யாராவது இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அவங்களே வாயைத் திறந்து சொல்ற விஷயம் இது கிடையாது.